மேடையில் சொன்ன எண் தோட்டத்தில் நிற்குமா? புதிய கைப்பேசி ஆரவாரத்தைப் பிரித்துப் பார்த்தால்

செப்டம்பர் வந்தால் ஆப்பிள் புதிய ஐபோனை மேடையேற்றும். ஆண்டுத் தொடக்கத்தில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை வரும். இடைப்பட்ட மாதங்களைச் சீன நிறுவனங்கள் நிரப்பிவிடும். கலிபோர்னியாவில் கைதட்டல் ஓய்ந்த சில நாட்களிலேயே மலேசியாவின் சுங்கை சிப்புட் பெரிய சாலைக் கடைகளிலும் பதாகை ஏறிவிடுகிறது: '200 மெகாபிக்சல்', '8+8 ஜிபி ரேம்', '5ஜி', 'முன்பணம் வேண்டாம்'. தீபாவளி நெருங்கினால் எழுத்து இன்னும் பெரிதாகும்.

கையில் இருக்கும் மூன்று வருட ஃபோன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் இந்தப் பதாகைகளைப் பார்க்கும்போது, அது பழைய இரும்புக்குப் போகவேண்டிய பொருளோ என்ற ஐயம் வந்துவிடுகிறது. எண்கள் பொய்யா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஏதாவதொரு நிபந்தனையின் கீழ் அளக்கப்பட்டது. எண் பதாகையில் ஏறும், நிபந்தனை ஏறாது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

## ஆரவாரம் ஏன் கூடிக்கொண்டே போகிறது

முதலில் வியாபாரக் கணக்கு. ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2016இல் உலகம் முழுதும் சுமார் 147 கோடி திறன்பேசிகள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது சுமார் 117 கோடியாக இறங்கிவிட்டது. வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் முன்னைவிட நீண்ட காலம் வைத்திருக்கிறார்கள்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேடைப் பேச்சே தேவையில்லை. விசைப்பலகை ஃபோனிலிருந்து தொடுதிரைக்கு மாறியவருக்கும், 3ஜியிலிருந்து 4ஜிக்கு வந்தவருக்கும் வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. இன்று போன வருட ஃபோனையும் இந்த வருட ஃபோனையும் கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தால் பலருக்கு அடையாளம் தெரியாது. பொருள் தானாகப் பேசாதபோது விளம்பரம் அதற்காகப் பேசுகிறது. அந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகிறது:

1. கசிவு. மாதக்கணக்கில் முன்பே படங்கள் வெளியாகும். உதிரிப்பாகம் செய்பவர், உறை செய்பவர் வழியாக வருவது பாதி. மீதி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கிளறுவதில்லை, ஏனென்றால் அது இலவச விளம்பரம்.
2. ஒரே நேரத்தில் வெளியாகும் விமர்சனங்கள். விமர்சகர்களுக்கு ஃபோனை முன்கூட்டியே கொடுத்து, குறித்த நாளில் குறித்த மணிக்குத்தான் பேச வேண்டும் என்று நிறுவனமே வரையறுக்கிறது. சில நாட்கள் மட்டும் கையில் இருந்த ஃபோனைப் பற்றி, பேட்டரி இரண்டாம் வருடம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோவுக்குக் கீழே கொடுத்திருக்கும் இணைப்பில் நீங்கள் வாங்கினால், பல விமர்சகர்களுக்குக் கமிஷன் உண்டு.
3. முன்பதிவுப் பரிசும் 'சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது' என்ற செய்தியும். எத்தனை ஃபோன் விற்பனைக்கு வைத்தார்கள் என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

## கேமரா: அதிகம் விற்கும் எண்

2020இல் வந்த கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவில் 108 மெகாபிக்சல். 2023இன் எஸ்23 அல்ட்ராவில் 200. இதைப் பார்த்து, கையில் உள்ள 12 மெகாபிக்சல் ஃபோனைவிடப் பதினாறு மடங்கு தெளிவு என்று நினைத்தால் அது இயல்பான தவறுதான். அப்படி நினைக்க வேண்டும் என்றே எண் போடப்படுகிறது.

மெகாபிக்சல் என்பது ஒளியுணர்வியில் எத்தனை புள்ளிகள் என்பதன் கணக்கு. படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது ஒளியுணர்வியின் பரப்பும், அதன்மேல் விழும் ஒளியின் அளவும். ஒரே முற்றத்தில் பெய்யும் மழையைப் பன்னிரண்டு வாளி வைத்துப் பிடித்தாலும் இருநூறு கிண்ணம் வைத்துப் பிடித்தாலும் மொத்தத் தண்ணீர் ஒன்றுதான். கிண்ணம் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொன்றிலும் விழுவது குறையும். குறைந்த வெளிச்சத்தில் படத்தில் பொடி தூவியதுபோல் தெரிவது இதனால்தான்.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். எனவேதான் அந்த 108 மெகாபிக்சல் ஃபோன் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, வழக்கமான படத்தை 12 மெகாபிக்சலாகவே தருகிறது. 200 மெகாபிக்சல் ஃபோன் பதினாறைச் சேர்த்து 12.5 ஆக்குகிறது. நல்ல வெயிலில், தனியாக ஒரு பொத்தானை அமுக்கினால் முழு எண்ணும் கிடைக்கும். கோயில் திருவிழாவின் இரவு ஊர்வலத்தில் அந்தப் பொத்தானால் பயனில்லை.

'நான்கு கேமரா' என்ற மலிவு ஃபோன்களில் இன்னொரு வித்தை உண்டு. முதல் கேமரா மட்டுமே உண்மையான வேலைக்காரன். மீதியில் ஒன்றோ இரண்டோ 2 மெகாபிக்சல் மேக்ரோவாகவோ (மிக அருகில் எடுப்பது) ஆழம் பார்ப்பதாகவோ இருக்கும். பின்பக்கத்தில் வட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அவற்றின் முதல் பணி என்று சொன்னால் மிகையாகாது.

நூறு மடங்கு ஜூம் என்பதில் வில்லைகள் செய்வது சிறு பகுதி. மற்றது மென்பொருள் படத்தை இழுத்துப் பெரிதாக்குவது. 2023 மார்ச்சில் இணையப் பயனர் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அதை சாம்சங் ஃபோனால் எடுத்துப் பார்த்தார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்கள் ஃபோன் எடுத்த படத்தில் தெரிந்தன. அதன்பிறகு, நிலவை அடையாளம் கண்டு விவரங்களை மெருகேற்றும் செயற்கை நுண்ணறிவு எப்படி இயங்குகிறது என்று சாம்சங் விளக்கம் வெளியிட்டது. படம் அழகுதான். ஆனால் அதில் எவ்வளவு வில்லை பார்த்தது, எவ்வளவு மென்பொருள் வரைந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது.

விளம்பரப் படங்களே வேறு கேமராவில் எடுக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. 2012இல் நோக்கியாவின் லூமியா 920 விளம்பரத்தில் கை நடுங்காத வீடியோ என்று காட்டியது அந்த ஃபோனில் எடுத்ததே இல்லை என்று தெரிந்ததும் நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2018இல் எகிப்தில் ஹுவாவே நோவா 3 விளம்பரத்தின் செல்ஃபிகளைப் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுத்த காட்சி, நடித்தவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்தே வெளியானது.

## மற்ற எண்கள், சுருக்கமாக

1. '8+8 ஜிபி ரேம்'. முதல் 8 உண்மையான ரேம், அதாவது ஓடும் செயலிகளுக்கான தற்காலிக நினைவகம். இரண்டாவது 8, படமும் வீடியோவும் சேமிக்கும் இடத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. '16 ஜிபி' என்று கடைக்காரர் கூட்டிச் சொன்னால் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளலாம்.
2. '3 நானோமீட்டர் சிப்'. இந்த 3 சிப்பின் குறிப்பிட்ட எந்தப் பாகத்தின் அளவும் இல்லை. அது தயாரிப்புத் தலைமுறைக்கு வைத்த பெயர். உள்ளே உள்ள இடைவெளிகள் பத்துக் கணக்கான நானோமீட்டர்கள்.
3. 'உச்ச வெளிச்சம் 3000 நிட்ஸ்'. நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு. இந்த 3000, திரையின் சிறு பகுதி, சில வகை வீடியோக்களில், கொஞ்ச நேரத்துக்கு எட்டும் அளவு. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுமிடத்தில் நண்பகல் வெயிலில் முழுத்திரைக்கும் கிடைப்பது வேறு, குறைவான எண்.
4. '240 வாட் சார்ஜ்'. 2023இல் ரியல்மி சீனாவில் இப்படி ஒரு ஃபோனை அறிமுகப்படுத்தியது. அந்த வேகம் அதற்குரிய சார்ஜரோடு மட்டும், அதுவும் தொடக்கச் சில நிமிடங்களுக்குத்தான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கேபிளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வேக மதிப்பெண்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீக்பெஞ்ச், 3டிமார்க் போன்ற செயலிகள் ஃபோனின் வேகத்தை அளந்து மதிப்பெண் தருகின்றன. சோதனைச் செயலி ஓடுகிறது என்று ஃபோனுக்கே தெரிந்தால் அன்று மட்டும் முழு வேகத்தில் ஓடும்படி எழுதிவைக்க முடியும். 2018இல் 3டிமார்க் பட்டியலிலிருந்து சில ஹுவாவே ஃபோன்கள் இந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டன. 2021இல் ஒன்பிளஸ் 9, 2022 மார்ச்சில் சாம்சங் எஸ்22 உள்ளிட்ட வரிசைகள் கீக்பெஞ்சிலிருந்து நீக்கப்பட்டன. இவற்றில் தந்திரம் எதிர்ப்பக்கமாக இருந்தது. அன்றாடச் செயலிகளையும் விளையாட்டுகளையும் மெதுவாக்கிவிட்டு, சோதனைச் செயலியை மட்டும் விட்டுவைத்தார்கள். சூட்டையும் பேட்டரியையும் கட்டுப்படுத்த அப்படிச் செய்ததாக விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் மேடையில் காட்டிய மதிப்பெண்ணையும் அதே கட்டுப்பாட்டோடு அளந்திருக்க வேண்டும்.

## தண்ணீர் புகாது என்றால் எந்தத் தண்ணீர்

தோட்டத்து வேலையில் ஃபோன் சந்திப்பது மழை, வியர்வை, உரத்தூள், சேறு. 'ஐபி68' என்ற முத்திரை இதற்கெல்லாம் காப்பு என்று பலர் நம்புகிறார்கள். 6 என்பது தூசு புகாமை. 8 என்பது ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், நிறுவனமே வகுத்துக்கொண்ட நேரத்துக்கு மூழ்கடித்த சோதனை. சோதிப்பது புதிய ஃபோனை, அசையாத நல்ல தண்ணீரில். வருடங்கள் போகப் போக உள்ளே இருக்கும் ஒட்டுப்பசை தளரும். ஒருமுறை கீழே விழுந்தாலும், திரை மாற்றினாலும் அந்தப் பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தண்ணீரால் வந்த சேதத்தை வாரண்டியும் பொதுவாக ஏற்பதில்லை.

நீச்சல் குளத்திலும் கடலிலும் கேலக்ஸி ஃபோன்களைப் பயன்படுத்துவதாகக் காட்டிய விளம்பரங்களுக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022 ஜூனில் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஐபோனின் நீர்த்தடை விளம்பரத்துக்காக 2020இல் ஆப்பிளுக்கு இத்தாலியின் போட்டி ஆணையம் விதித்தது 1 கோடி யூரோ. இத்தாலியில் குறை கண்ட இடங்களில் ஒன்று: சோதனையின் நிபந்தனை வாங்குபவர் கண்ணில் படவில்லை.

## 5ஜி: ஃபோனில் இருக்கிறது, மரத்தடியில் இருக்கிறதா

மலேசியாவில் 5ஜி வலையமைப்பை டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற ஒரே நிறுவனம் கட்டத் தொடங்கி, 2021 டிசம்பரில் சேவை ஆரம்பமானது. 2023 இறுதிக்குள் 80 விழுக்காடு என்ற இலக்கு எட்டப்பட்டது. 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்பைக் கட்ட யூ மொபைல் தேர்வானது.

அந்த 80 விழுக்காட்டையும் அதே கேள்வியோடு பார்க்க வேண்டும். அது நாட்டின் நிலப்பரப்பில் 80 விழுக்காடு கிடையாது. மக்கள் வசிக்கும் பகுதிகளில் 80 விழுக்காடு. பட்டணம் சேரும், தாமான் என்ற குடியிருப்புப் பகுதியும் சேரும். ஆளில்லாத செம்பனைக் காடு அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. ஆனால் அங்கேதான் ஒருவர் காலை ஏழு மணியிலிருந்து வேலை செய்கிறார்.

அலைவரிசையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. இங்கே 5ஜிக்கு முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸும் 3.5 கிகாஹெர்ட்ஸும் பயன்படுகின்றன. விளம்பரத்தில் வரும் மின்னல் வேகம் பின்னதில் கிடைப்பது. ஆனால் அது எட்டும் தூரம் குறைவு, இலைகளும் சுவர்களும் அதை வெகுவாக விழுங்கும். மழையில் நனைந்த மட்டைகள் இன்னும் கூடுதலாக விழுங்கும். 700 தூரம் போகும், வேகம் குறைவு. எனவே லயத்து வாசலில் '5ஜி' என்று காட்டினாலும் நல்ல 4ஜிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வாட்ஸ்அப், யூடியூப், பணம் செலுத்தும் டியூட்நவ் கியூஆர் ஆகியவற்றுக்கு நல்ல 4ஜியே போதும்.

விளம்பரத்தில் யாரும் பேசாத ஒன்று இங்கே உண்மையில் முக்கியம். 2021 இறுதியோடு 3ஜி மூடப்பட்டுவிட்டது. குரல் அழைப்பு இப்போது 4ஜி வழியாக, அதாவது வோல்ட்டி வசதி மூலம் போக வேண்டும். இல்லையென்றால் பழைய 2ஜிக்கு இறங்கும். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில ஃபோன்களில், நம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வோல்ட்டி வேலை செய்யாது. இணையம் பறக்கும், அழைப்பு மட்டும் கரகரக்கும்.

## இன்னும் வராத வசதிக்கு இன்றே விலை

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு ஆரவாரத்தின் வடிவமே மாறியது. முன்பெல்லாம் பெட்டிக்குள் இருந்ததைப் பெரிதுபடுத்தினார்கள். இப்போது பெட்டிக்குள் இல்லாததையும் விற்கிறார்கள். 2024 ஜூனில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதித் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் ஐபோன் 16 அதற்காகவே உருவானது என்று விளம்பரமானது. விற்பனைக்கு வந்த நாளில் அந்த வசதி எதுவும் ஃபோனில் இல்லை. முதல் தவணை அக்டோபர் இறுதியில் வந்தது. உங்கள் தனிப்பட்ட தகவலை அறிந்து உதவும் புதிய சிரி என்ற குரல் உதவியாளரை விளம்பரத்தில் காட்டியிருந்தார்கள். 2025 மார்ச்சில் அது தாமதமாகும் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த விளம்பரமும் திரும்பப் பெறப்பட்டது.

உலோகக் கதை ஒரு வேடிக்கை. 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியம்தான் பெருமை. 2025இல் ஐபோன் 17 ப்ரோ அலுமினியத்துக்குத் திரும்பியது. வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது என்பது இப்போதைய பெருமை. சாம்சங்கும் குறைந்ததில்லை. பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்த ஆப்பிளை 2020இல் கேலி செய்துவிட்டு, மூன்று மாதத்தில் எஸ்21 பெட்டியிலிருந்து தானும் எடுத்துவிட்டது.

## சம்பளக் கணக்கு

ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் மலேசியாவில் 5,999 ரிங்கிட்டில் தொடங்கியது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தால் கைக்கு வருவது 1,513. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கு இன்னும் கொஞ்சம் போகும். கிட்டத்தட்ட நான்கு மாதச் சம்பளம் முழுதும் ஒரே ஃபோனுக்கு.

'மாதம் 250தானே' என்று 24 மாதத் தவணையில் பிரித்துச் சொன்னால் சுமை தெரியாது. கடைசித் தவணை கட்டும்போது அதற்குப் பின் இரண்டு தலைமுறை வந்திருக்கும், பேட்டரியும் தளர்ந்திருக்கும். 'ஃபோன் இலவசம்' என்ற ஒப்பந்தத் திட்டங்களை இப்படிக் கணக்கிட வேண்டும். மாதம் 139 ரிங்கிட் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் 3,336. அதே ஆளின் தேவைக்கு மாதம் 35 ரிங்கிட் திட்டம் போதுமென்றால் 840. வித்தியாசம் 2,496. அந்த ஃபோனின் ரொக்க விலை 1,500 என்றால், இலவச ஃபோனுக்காக ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகப் போகிறது. இடையில் வேலை மாறி ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் வேறு.

## அப்படியானால் எதுவுமே முன்னேறவில்லையா

முன்னேறியிருக்கிறது, ஆனால் பதாகையில் பெரிய எழுத்தில் வராத இடங்களில். 2023 அக்டோபரில் தன் பிக்சல் 8 ஃபோனுக்கு கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பை உறுதியளித்தன. மலிவு விலை கேலக்ஸி ஏ16க்குக்கூட ஆறு ஆண்டு. வங்கிச் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிடுவதால், நூறு மெகாபிக்சலைவிட இந்த எண்ணே ஃபோனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பேட்டரி அடுத்தது. 500 முறை முழுதாக சார்ஜ் ஆனபின் 80 விழுக்காடு கொள்ளளவு நிற்கும் என்பது ஐபோன் 14 வரை ஆப்பிள் சொன்ன கணக்கு. ஐபோன் 15க்கு 1,000 முறை. வெப்பம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் வெயில் பட மாட்டிய ஃபோன் அதைச் சுலபமாகத் தாண்டும். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களை மென்பொருள் மூலம் மெதுவாக்கியதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதை மறக்க முடியாது. மெதுவாகிவிட்டது என்று புது ஃபோன் வாங்கியவர்களில் பலருக்குப் புது பேட்டரியே போதுமானதாக இருந்திருக்கும்.

## கடையில் கேட்க வேண்டியவை

1. "அண்ணே, இது மலேசிய செட்டா, ஏபி செட்டா?" ஏபி செட், அதாவது உற்பத்தியாளரின் உள்ளூர் வழியாக வராமல் வெளியிலிருந்து இறக்குமதியானது, சில நூறு ரிங்கிட் மலிவாக இருக்கும். அதற்கு உற்பத்தியாளரின் உள்ளூர் வாரண்டி இருக்காது, கடை கொடுப்பதுதான். கடை மூடினால் அதுவும் போச்சு. வோல்ட்டி சிக்கலும் இந்த வகையில்தான் அதிகம்.
2. பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்களா, நீங்கள் வாங்கும் நாளிலிருந்தா? பெரும்பாலும் முன்னதுதான். இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் எடுத்தால் அந்த இரண்டு வருடம் கழிந்துவிட்டது.
3. உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு பேசிப் பார்க்க விடுவார்களா?
4. பேட்டரி மாற்ற எவ்வளவு, எங்கே? ஈப்போவுக்குப் போக வேண்டுமா, கோலாலம்பூருக்கா?

விளம்பரத்தில் சொன்னது ஃபோனில் இல்லையென்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம், மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கியதற்கும் இது பொருந்தும். பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை. எதிர்த்தரப்பும் அப்படியே வர வேண்டும். ரசீது, வாரண்டி அட்டை இவற்றோடு, கடை வாசலில் தொங்கிய அந்தப் பதாகையையும் வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஃபோனின் கேமராவே அதற்குப் போதும்.